ஹேல் கவுண்டி: எழுதப்பட்ட ஊரும் வாழப்படும் ஊரும்

தீவிர இலக்கியம் வாசிக்கும் தமிழர்க்குக் 'கவுண்டி' என்னும் சொல் பெரும்பாலும் வில்லியம் ஃபாக்னர் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். தம் நாவல்களுக்கென்றே அவர் யோக்னபடாஃபா என்றொரு கற்பனைக் கவுண்டியைப் படைத்துக்கொண்டார். அவர் வாழ்ந்த மிசிசிப்பி மாநிலத்து லஃபாயெட் கவுண்டியே அதற்கு மூலம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிலையிலுள்ள நிர்வாகப் பிரிவு கவுண்டி. நீதிமன்றம், ஷெரீஃப், நிலப்பதிவு, சொத்துவரி, ஊர்ச்சாலை ஆகியவை அதன் பொறுப்பில் வருவன. நம் மாவட்டத்தோடு அதை ஒப்பிடுவது வழக்கமென்றாலும், மக்கள் தொகையில் அங்குள்ள பல கவுண்டிகள் நம் வட்டம் ஒன்றுக்கும் ஈடாகா.

நாம் இங்கே பேச விரும்புவது கற்பனைக் கவுண்டியைப் பற்றியன்று. மிசிசிப்பிக்குக் கிழக்கே, அலபாமா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஹேல் கவுண்டியைப் பற்றி. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 14,785 பேர். தலைநகரான கிரீன்ஸ்பரோ ஒரு சிற்றூர். பெருந்தொழிலோ பெருநகரமோ அங்கில்லை. ஆயினும் புத்தகம், புகைப்படம், கட்டடக்கலை, திரைப்படம் ஆகிய நான்கு துறைகளிலும் உலகம் பேசும் ஆக்கங்கள் இந்தச் சிறிய நிலத்திலிருந்து வந்துள்ளன. கிராமப்புறக் கவுண்டிகளில் இந்த அளவுக்கு எழுதப்பட்டவை மிகச் சில.

இவ்வளவு எழுதப்பட்டும் அவ்வூரின் பொதுவாழ்க்கை நமக்குத் தெரியவந்துள்ளதா என்பதே நம் கேள்வி. ஹேலின் வறுமையை நாம் அறிவோம். அதன் அழகையும் அங்குள்ள எளிய மனிதர்களின் கண்ணியத்தையும் அறிவோம். ஆனால் அவ்வூரில் முடிவெடுப்பவர் யார், எந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் புகழ்பெற்ற அந்த ஆக்கங்களில் பெரும்பாலானவை நேராகக் கேட்கவில்லை. அதைக் கேட்காத எந்த வருணனையும், எத்துணை அழகியதாயினும், ஒரு சமூகத்தைப் பற்றிய வருணனை ஆகாது என்பது நம் கருத்து.

முதலில் நிலம். ஹேல் கவுண்டியின் பெரும்பகுதி 'பிளாக் பெல்ட்' எனப்படும் நிலப்பரப்பில் அமைகிறது. கரிய மண்ணால் வந்த பெயர் அது. அம்மண்ணில் பருத்தி செழித்தது. பருத்திக்காக அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். காலப்போக்கில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் நிலம் என்னும் பொருளும் அப்பெயரில் ஏறிக்கொண்டது. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே வேறொரு மக்கள் அங்கு வாழ்ந்தனர். கவுண்டியின் வடக்கே மவுண்ட்வில் என்னுமிடத்தில், பிளாக் வாரியர் ஆற்றின் கரையில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு செவ்விந்தியர் எழுப்பிய மண்மேடுகள் இன்றும் நிற்கின்றன.

கவுண்டி உருவானது 1867இல். அடிமைமுறை ஒழிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் அதிகாரியாயிருந்து இறந்த ஸ்டீஃபன் ஹேல் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அடிமைமுறையைக் காக்கும் பொருட்டு ஒன்றியத்திலிருந்து பிரிய வேண்டுமென்று 1860இல் கென்டக்கி ஆளுநருக்கு விரிவான கடிதம் எழுதியவர் அவர். விடுதலை பெற்றவர்கள் பெரும்பான்மையாயிருந்த ஒரு நிலத்துக்கு, அவ்விடுதலையை எதிர்த்தவரின் பெயர். பெயரிடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1901ஆம் ஆண்டின் அலபாமா அரசியல் சாசனம் மீதியையும் முடித்து வைத்தது. எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வாக்குவரி எனத் தடைகள் வைக்கப்பட்டன. வரி கட்டாத ஆண்டுகளின் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். கறுப்பினத்தவரை வாக்குச்சாவடியிலிருந்து விலக்குவதே இதன் நோக்கம். வழியில் ஏழை வெள்ளையரும் ஏராளமாக விலக்கப்பட்டனர். நிலமும் வாக்கும் ஒரே சிலரின் கைக்குள் வந்தன.

இந்த நிலத்துக்குத்தான் 1936ஆம் ஆண்டின் கோடையில் இரண்டு இளைஞர்கள் வந்தனர். ஒருவர் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜீ. மற்றவர் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ். பருத்தி வாரக்குடிகளைப் பற்றி எழுதி வரும்படி 'ஃபார்ச்சூன்' என்னும் வணிக இதழ் அவர்களை அனுப்பியிருந்தது. மூன்று குடும்பங்களோடு சில வாரங்கள் பழகினர். ஏஜீ எழுதிக் கொடுத்ததை இதழ் வெளியிடவில்லை. அதுவே வளர்ந்து 1941இல் 'லெட் அஸ் நவ் பிரெய்ஸ் ஃபேமஸ் மென்' என்னும் நூலாயிற்று. ஏறத்தாழ 600 படிகள் விற்று மறக்கப்பட்ட அந்நூல், ஏஜீ இறந்து ஐந்தாண்டு கழித்து, 1960இல் மறுபதிப்புக் கண்டபோது பெரும்புகழ் பெற்றது.

வாரமுறையின் கணக்கை அந்நூல் விளக்குவது போல விளக்கிய நூல்கள் குறைவு. கட்ஜர் என்று ஏஜீ பெயர் மாற்றி எழுதும் குடியானவருக்கு வீடில்லை, நிலமில்லை, ஏர் இழுக்கக் கோவேறு கழுதையும் இல்லை. அனைத்தும் நிலக்கிழாருடையவை. விளைந்த பருத்தியில் பாதி, பருத்தி விதையில் பாதி, மக்காச்சோளத்தில் பாதி நிலக்கிழாருக்குப் போகும். வசந்தகாலத்தில் சாப்பாட்டுக்கென வாங்கிய முன்பணமும் உரச்செலவில் தம் பங்கும் வட்டியோடு மீதிப் பாதியிலிருந்து கழியும். ஆண்டு முடிவில் கையில் சிறிது நிற்கலாம். நில்லாமல் கடனாகவும் முடியலாம். கணக்குப் புத்தகம் இருப்பது நிலக்கிழாரிடம். வாரத்துக்கும் கடனுக்கும் பழகிய நம் நாட்டு வாசகருக்கு இதில் புதிதாக விளக்க வேண்டியது ஏதுமில்லை.

பிறருடைய வறுமையைப் பார்க்கத் தமக்கு என்ன உரிமை என்று ஏஜீ அந்நூல் முழுவதும் தம்மைத் தாமே குடைந்துகொள்கிறார். அந்த நேர்மைக்காகவே அது இன்றும் வாசிக்கப்படுகிறது. எனினும் ஒன்று உறுத்துகிறது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாயிருந்த ஒரு கவுண்டியில் அவர் தேர்ந்துகொண்ட மூன்று குடும்பங்களும் வெள்ளையினக் குடும்பங்கள். இதழின் கட்டளை அது என்று அமைதி சொல்லலாம், சரிதான். ஆனால் நூல் புகழ்பெற்ற பின், 'ஹேல்' என்றவுடன் உலகின் கண்முன் வந்து நிற்பவை எவன்ஸ் எடுத்த அந்த வெள்ளை முகங்களே ஆயின. ஊரின் பாதிக்கு மேற்பட்டோர் தம் ஊரின் படத்திலேயே ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

ஏஜீ இதை அறியாதவரல்லர். நூலில் ஒரு சிறு பகுதி வருகிறது. ஒரு தேவாலயத்தின் அழகில் மயங்கி அதன் உட்புறத்தைப் படமெடுக்க இருவரும் விரும்புகின்றனர். கதவு பூட்டியிருக்கிறது. சாளரத்தைத் திறந்து உள்ளே போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அவ்வழியே ஓர் இளம் கறுப்பினத் தம்பதியர் நடந்து செல்கின்றனர். திறந்துவிட யாரைக் கேட்கலாம் என்று விசாரிக்க ஏஜீ அவர்களின் பின்னால் ஓடுகிறார். ஓடிவரும் காலடி ஓசையைக் கேட்ட அப்பெண் நடுங்கிப் போகிறாள். தாம் தீங்கு நினைக்கவில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஏஜீ வெட்கத்தால் குறுகி நிற்கிறார்.

நூலின் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் காட்டிலும் இந்தச் சிறு பகுதி ஹேலின் பொதுவாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்வதாக நாம் கருதுகிறோம். ஒரு வெள்ளையர் ஓடிவந்தால் கறுப்பினப் பெண் அஞ்சியாக வேண்டிய ஊர் அது. ஏஜீ அங்கே தம் வெட்கத்தை எழுதினார். அவளுடைய அச்சத்துக்குப் பின்னாலிருந்த ஆட்சியைப் பற்றி எழுதுவதற்கு, அவளைப் போன்றோரின் வீட்டுக்குள் அவர் போயிருக்க வேண்டும்.

அந்த ஆட்சி அசைந்தது 1960களில். கிழக்கே ஒட்டியுள்ள பெர்ரி கவுண்டியின் மேரியன் நகரில், 1965 பிப்ரவரியில், வாக்குரிமைக்காகக் கூடியவர்கள் தாக்கப்பட்டபோது ஜிம்மி லீ ஜாக்சன் என்னும் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த பேரணிக்கு அச்சாவே தூண்டுதல். அவ்வாண்டே வாக்குரிமைச் சட்டம் வந்தது. சட்டம் வந்துவிட்டதால் அச்சம் போய்விடவில்லை. 1968 மார்ச்சில், தாம் கொல்லப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், கிரீன்ஸ்பரோவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங் கு கிளக்ஸ் கிளானுக்குத் தப்பி ஒரு சிறிய வீட்டில் ஓர் இரவு மறைந்து தங்கினார். அவ்வீடு இன்று 'சேஃப் ஹவுஸ்' என்னும் அருங்காட்சியகம். அதை அமைத்தவர்கள் வெளியூர் அறிஞர்கள் அல்லர். போராட்டத்தில் நின்ற உள்ளூர்க்காரர்கள்.

இதற்கிடையே ஊர் இளைத்துக்கொண்டே வந்தது. காய்ப்புழு, மண்ணரிப்பு, சாகுபடிப் பரப்பைக் குறைத்தால் பணம் என்ற 1930களின் அரசுத் திட்டம், பின்னர் வந்த அறுவடை எந்திரம் என ஒன்றன்பின் ஒன்றாக வாரக்குடிகளை நிலத்திலிருந்து வெளியேற்றின. வடக்கத்திய ஆலை நகரங்களுக்கு இலட்சக்கணக்கில் தென்மாநிலக் கறுப்பினத்தவர் குடிபெயர்ந்தனர். 1900இல் 31 ஆயிரமாக இருந்த ஹேலின் மக்கள் தொகை இன்று அதில் பாதிக்கும் குறைவு. பருத்தி வயல்கள் மேய்ச்சல் நிலங்களாயின. நீரை இறங்கவிடாத களிமண் என்பதால் 1960களிலிருந்து குளம் வெட்டிக் கெளுத்தி மீன் வளர்க்கத் தொடங்கினர். வியட்நாமிலிருந்து மலிவான மீன் வந்து குவியத் தொடங்கியதும் அத்தொழிலும் தளர்ந்தது.

இந்தத் தேய்வைப் பொறுமையோடு பதிவு செய்தவர் வில்லியம் கிறிஸ்டன்பெரி. அவருடைய பாட்டனார் வீட்டு வேர்கள் ஹேலில் இருந்தன. ஏஜீயின் நூலை 1960இல் அவர் வாங்கி வந்தபோது, படங்களிலிருந்த குடும்பங்களை அவருடைய பாட்டி அடையாளம் சொன்னாராம். நமக்குக் கலைப்பொருளாகத் தெரிபவர்கள் அந்தப் பாட்டிக்கு அக்கம்பக்கத்தார். பின்னர்ப் பல பத்தாண்டுகள், 2016இல் இறக்கும் காலம் நெருங்கும்வரை, அவர் ஆண்டுதோறும் வந்து அதே கட்டடங்களை மீண்டும் மீண்டும் படமெடுத்தார். கடைகள் மூடுகின்றன, கூரை சரிகிறது, கொடி படர்கிறது, கடைசியில் வெற்றிடம் நிற்கிறது. ஒரு கட்டடத்தின் சாவை இத்துணை அன்போடு பார்த்தவர் வேறொருவரை நாம் அறியோம். ஆனால் அப்படங்களில் பெரும்பாலும் மனிதர்கள் இல்லை.

மனிதர்களுக்கு வீடு கட்ட வந்தவர் சாமுவேல் மாக்பீ. 1993இல் அவரும் டி.கே. ரூத்தும் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்களுக்கென 'ரூரல் ஸ்டுடியோ' என்னும் கல்வித் திட்டத்தை ஹேலில் தொடங்கினர். மாணவர்கள் அவ்வூரிலேயே தங்கி, ஏழைக் குடும்பங்களோடு பேசி, வீட்டை வரைந்து, தாமே கட்டியும் கொடுப்பர். வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பினர். பழைய வண்டிச் சக்கரங்களின் டயர்களில் மண் நிரப்பித் தேவாலயம் கட்டினர். மாக்பீ 2001இல் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை. முதியோர் உதவித்தொகையை நம்பி வாழ்பவரும் கடன் அடைக்கக்கூடிய தொகை என்று கணக்கிட்டு, 20,000 டாலருக்குள் வீடு என்னும் திட்டத்தை 2005இல் தொடங்கினர். ஏழைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழாமல் இல்லை. ஒழுகாத கூரைக்குக் கீழே முதன்முறையாகப் படுத்தவர்களிடம் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. வெறுமனே பார்த்துவிட்டுப் போகாமல் தங்கிய வெளியார் இவர்கள். அந்த மதிப்பு அவர்களுக்கு உரியது.

எனினும் நம் கேள்வி ரூரல் ஸ்டுடியோ குடியிருக்கும் நியூபெர்ன் என்னும் ஊரிலேயே வந்து நிற்கிறது.

நியூபெர்னில் வாழ்வோர் 2020இன் கணக்குப்படி 133 பேர், பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். தன்னார்வலர்களின் தீயணைப்பு நிலையத்தை 2004இலும், சைப்ரஸ் மரத்தின் பருத்த கட்டைகளை அடுக்கி எழுப்பிய நகர மன்றத்தை 2011இலும் மாணவர்கள் அங்குக் கட்டிக்கொடுத்தனர். கட்டடக்கலை இதழ்கள் பாராட்டிய கட்டடங்கள் அவை. ஆனால் அந்த ஊரில் பல பத்தாண்டுகளாகத் தேர்தலே நடக்கவில்லை. பதவியிலிருப்பவர் தமக்குப் பின் வருபவரை நியமிப்பார். மேயரும் மன்றமும் இப்படியே வெள்ளையினத்தவரின் கைகளில் தொடர்ந்தன. 2020இல் பேட்ரிக் பிராக்ஸ்டன் என்னும் கறுப்பினத்தவர், அதே தீயணைப்புக் குழுவின் தன்னார்வலர், சட்டப்படி வேட்புமனுத் தாக்கல் செய்தார். வேறெவரும் மனுச் செய்யாததால் அவரே மேயரானார். ஊரின் முதல் கறுப்பின மேயர்.

பிறகு நடந்ததை அவர் தொடுத்த வழக்கு விவரித்தது. பழைய மன்றத்தினர் தமக்குள் கூடி, ஊரறியாமல் ஒரு 'சிறப்புத் தேர்தல்' அறிவித்துத் தம்மைத் தாமே மீண்டும் அமர்த்திக்கொண்டனர். நகர மன்றத்தின் பூட்டுகள் மாற்றப்பட்டன. ஊரின் வங்கிக் கணக்கும் அஞ்சலும் மேயருக்கு மறுக்கப்பட்டன. வாக்குரிமைச் சட்டம் வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, உலகம் மெச்சிய ஒரு கட்டடத்தின் வாசலில், முறைப்படி மேயரானவர் சாவியில்லாமல் நின்றார். வழக்கு நீண்டு 2024 ஜூலையில் உடன்படிக்கையில் முடிந்தது. அவர் பதவியில் அமர்த்தப்பட்டார். 2025இல் தேர்தல் நடத்துவதென்றும் முடிவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த தேர்தலில் பிராக்ஸ்டன் 66க்கு 26 என்ற வாக்குக் கணக்கில் வென்றார். மொத்தம் 92 வாக்குகள். அந்த 92 பேரில் பலர் தம் ஊர்த் தேர்தல் ஒன்றில் வாக்களித்தது வாழ்நாளில் அதுவே முதன்முறையாக இருக்க வேண்டும்.

ஏஜீ கண்ட பூட்டிய தேவாலயத்தையும் பிராக்ஸ்டன் கண்ட பூட்டிய மன்றத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, வெளியார் ஒருவர் உள்ளே போக விரும்பிய கதவு. அதைப் பற்றி இலக்கியம் இருக்கிறது. இரண்டாவது, உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அவர் ஊரிலேயே மூடப்பட்ட கதவு. அதைப் பற்றி நமக்குச் சொன்னவை நீதிமன்ற ஆவணங்களும் செய்தித்தாள்களும்தாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வாக்கு எண்ணுவது இலக்கியத்தின் வேலையா, அது மனித மனத்தைப் பேசினால் போதாதா என்பர். இந்த மறுப்பில் உண்மை உண்டு. ரமெல் ராஸ் இயக்கி 2018இல் வெளிவந்து, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்ற 'ஹேல் கவுண்டி திஸ் மார்னிங், திஸ் ஈவினிங்' என்னும் ஆவணப்படமே அதற்கு வலுவான சான்று. கறுப்பினத்தவரான ராஸ் 2009இல் அவ்வூருக்குக் கற்பிக்கவும் கூடைப்பந்து பயிற்றுவிக்கவும் வந்து, பின்னர்ப் பல ஆண்டுகள் அங்குள்ள இரண்டு இளைஞர்களின் அன்றாடத்தைப் படம்பிடித்தார். படத்தில் வாதமில்லை, புள்ளிவிவரமில்லை. வியர்வை தரையில் சொட்டுகிறது. குழந்தை கூடத்தில் முன்னும் பின்னும் ஓடுகிறது. வானத்தில் புகை எழுகிறது. எட்டுப் பத்தாண்டுகளாக ஓரத்தில் நின்றவர்கள் அப்படத்தில் நடுவே வந்து, எவருக்கும் எதையும் மெய்ப்பிக்க வேண்டாதவர்களாக வாழ்கின்றனர். வாக்குச்சாவடியைக் காட்டாமலேயே, இவ்வூர் யாருடையது என்னும் கேள்விக்கு அப்படம் விடை சொல்லிவிடுகிறது. நாம் கோருவது அரசியல் அறிக்கையை அன்று; அக்கேள்வி ஆக்கத்துக்குள் எங்கேனும் உயிரோடிருக்க வேண்டும் என்பதைத்தான்.

வட்டார இலக்கியம் வாசிக்கையில் நமக்கும் இது பொருந்தும். கரிசல் மண்ணையும் பருத்தியையும் நமக்குக் காட்டியவர்கள் அம்மண்ணிலேயே பிறந்தவர்கள் என்பது நம் நற்பேறு. ஹேலுக்கு அது நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஆயினும் உள்ளிருந்து எழுதுவதாலேயே எல்லாம் கண்ணில் பட்டுவிடும் என்று நாம் நிறைவு கொள்ள முடியாது. நாட்டுப்புறச் சொல்லழகிலும் பண்டப் பெயர்களிலும் சோற்றின் மணத்திலும் மயங்கி, அவ்வூர்க் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், ஊர்க்கூட்டத்தில் யார் உட்காரலாம் என்று கேட்க மறந்து நாம் கடந்துபோன பக்கங்கள் எத்தனையோ.

ஏஜீயின் நூலைக் கைவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வாசிக்க வேண்டிய நூல் அது, மாணவர்க்கும் பரிந்துரைக்கிறோம். அதை எடுப்பவர்கள் நியூபெர்ன் வழக்கின் செய்தியையும் ராஸின் படத்தையும் கூடவே வைத்துக்கொள்ளட்டும். அச்சத்தில் நடுங்கிய அந்தப் பெண்ணின் பெயர் நூலில் இல்லை. அவளைப் போன்றோரின் பேரப்பிள்ளைகள் 2025 ஆகஸ்டில் நியூபெர்னில் வரிசையில் நின்று வாக்களித்திருக்கக்கூடும். ஒரு கவுண்டியைப் பற்றி அறிய விரும்புவோர் அந்த வரிசையையும் அறிந்திருக்க வேண்டும்.